கேஸ் புக் அப்பா பேரில், மீட்டர் ஓனர் பேரில்: அம்மா பேரில் என்னதான் இருக்கிறது?

இட்லிக்கடை மகள் | 14 ஜூன் 2025, இரவு 10:42

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். லைன் வீடு. கீழே மூன்று குடித்தனம், மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று, அது எங்களுடையது. அம்மா காலையில் தெருமுனையில் இட்லி போடுகிறார். நான் பாரிமுனையில் ஒரு கடையில் பில் போடுகிறேன்.

கேஸ் இணைப்பு அப்பா பேரில். அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களை விட்டுவிட்டு செங்குன்றம் பக்கம் வேறு குடும்பமாகப் போய்விட்டார். புக் எங்களிடம், சிலிண்டர் எங்களிடம், காசும் எங்களுடையது. ஆனால் பதிந்திருக்கிற செல் நம்பர் அவருடையது. அந்த நம்பருக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும்.

வண்டி வந்து நிற்கும். அம்மா எனக்குப் போன் போடுவார். நான் பில் மெஷினை விட்டுவிட்டு மாடிப்படிக்குப் போய் அப்பாவுக்குப் போடுவேன். "நைனா, நம்பர் சொல்லு." சில நாள் உடனே சொல்வார். சில நாள், "ஏன், உங்கம்மா கேக்கமாட்டாளா? அவ ஒரு வார்த்தை கேட்டா சொல்லமாட்டேனா?" என்பார். போன வாரம் எடுக்கவே இல்லை. வண்டி போய்விட்டது. மூன்று நாள் வீட்டுச் சோறும் விறகில்தான் ஆனது. சிலிண்டருக்கு அம்மா 868 ரூபாய் 50 காசு கொடுக்கிறார். அதற்கு மேல் இந்தக் கெஞ்சலையும் கொடுக்கச் சொல்கிறார் அப்பா.

கரண்டுக்கு வருவோம். மீட்டர் ஓனர் பேரில். எங்களுக்கு சப் மீட்டர், யூனிட் பத்து ரூபாய். 100 யூனிட் இலவசம் என்று 2016லிருந்து கேள்விப்படுகிறேன், பார்த்ததில்லை.

இரண்டு கேள்வி. கேஸை அம்மா பேருக்கு மாற்ற என்ன வழி? பேசாமல் இண்டக்‌ஷன் வாங்கிவிடலாமா?

---

கொருக்குப்பேட்டைக்காரன் | 14 ஜூன் 2025, இரவு 11:15

ஏஜென்சிக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதற்கு இவ்வளவு நீளப் பதிவா?

---

இட்லிக்கடை மகள் | 14 ஜூன் 2025, இரவு 11:21

போனேன் அண்ணே. இணைப்பு யார் பேரிலோ அவர் நேரில் வந்து கைரேகை வைக்கணும் என்றார்கள். அந்த அம்மா நல்லவிதமாகத்தான் சொன்னார். "புருஷனைக் கூட்டிட்டு வாம்மா" என்று எங்கம்மாவைப் பார்த்து.

---

மீட்டர் மாமா | 15 ஜூன் 2025, காலை 6:08

முப்பது வருஷம் வீடு வீடாக ரீடிங் எடுத்தவன். இப்போது ஓய்வு. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

14.2 கிலோ கேஸில் இருக்கும் சூட்டைக் கரண்ட் யூனிட்டாக மாற்றினால் சுமார் 180 வரும். அடுப்பில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சம் சுவருக்கும் உங்கம்மா முகத்துக்கும். பாத்திரத்துக்குப் போவது 100 சொச்சம் என்று வையுங்கள். இண்டக்‌ஷனில் நூற்றுக்கு 85 உள்ளே போகும். ஆக, ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை 120 யூனிட் கரண்ட் செய்துவிடும்.

சொந்த மீட்டர் உள்ள வீட்டில் 400 யூனிட் வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள்தான். 120 யூனிட்டுக்கு 600 ரூபாய்கூட ஆகாது. சிலிண்டரைவிட மலிவு. உங்களுக்குப் பத்து ரூபாய், ஆகவே 1200. சிலிண்டரைவிட முன்னூறு ரூபாய்க்கு மேல் அதிகம். அதே கம்பம், அதே ஒயர், அதே இட்லி. மீட்டர் யார் பேரில் என்பது ஒன்றுதான் வித்தியாசம். வசதி உள்ளவனுக்குக் கரண்ட் அடுப்பு மிச்சம், இல்லாதவனுக்கு நஷ்டம். இதை நான் சர்வீஸில் இருந்தபோது யாரிடமும் சொன்னதில்லை, கேட்டால்தானே.

அப்புறம் வயரிங். 2000 வாட் இண்டக்‌ஷன் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். ஷீட் ரூமுக்கு ஓனர் கீழேயிருந்து இழுத்துவிட்ட ஒயரில் ஐந்து ஆம்பியர் பிளக்தான் இருக்கும், நிச்சயம். ஒயர் சூடேறி உருகும். அலுமினியப் பானையும் அதில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வரோ இரும்போ வேண்டும். உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் பாதி அலுமினியமாக இருக்குமே? அதையும் மாற்ற வேண்டும். அடுப்பு இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும், சுற்றி உள்ளதுதான் செலவு.

உங்கள் ஓனரையும் ராட்சசன் ஆக்கிவிடாதீர்கள். நான்கு குடித்தனம் ஒரே மீட்டரில் என்றால் இரண்டு மாதத்தில் 800 ஓடும். 500ஐத் தாண்டினால் மேல் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகும். ஆனாலும் 800 யூனிட் பில்லைச் சராசரி போட்டால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் பக்கம்தான். பத்து வராது. மிச்ச நாலு எங்கே போகிறது என்று அவரிடம் கேட்க முடியாது, வீட்டைக் காலி பண்ணச் சொல்வார், தெரியும்.

தனி சமையலறை உள்ள குடித்தனத்துக்குத் தனி சர்வீஸ் வாங்கலாம். வழக்கமாக ஓனர் சம்மதம் எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுக்க மாட்டார்கள். "இன்னிக்கு மீட்டர் கொடுத்தா நாளைக்கு வீட்டைக் கேப்பான்" என்று என்னிடமே சொன்ன ஓனர்கள் உண்டு.

---

கொருக்குப்பேட்டைக்காரன் | 15 ஜூன் 2025, காலை 9:30

மாமா கணக்கு பிரமாதம். ஆனால் பாருங்கள், அவர் சொன்னது முழுக்க ஏழை, வாடகைக்காரன், ஓனர். தலைப்பில் அம்மா எங்கிருந்து வந்தார்? காசு இல்லாத வீட்டில் ஆணும் அதே இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான். அதே கொசு, அதே புழுக்கம். சும்மா எல்லாவற்றிலும் ஆண் பெண் என்று கொண்டுவந்தால் எப்படி?

---

காசிமேடு மீன்கூடை | 15 ஜூன் 2025, மதியம் 2:47

அண்ணே, நான் சொல்றேன். எங்கள் வீட்டில் அப்பா, அண்ணன் இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா கூடையில் மீன் எடுத்து விற்பவர்.

விசைப்படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு. மோட்டார் வைத்த நாட்டுப் படகுக்கு மானிய மண்ணெண்ணெய் உண்டு. நல்லது, வேண்டியதுதான், அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. ஏன் கொடுக்கிறார்கள்? அது தொழில், எரிபொருள் இல்லாமல் தொழில் ஓடாது.

அதே மீன் கரைக்கு வந்ததும் அம்மா கைக்கு வருகிறது. ஐஸ் வாங்கணும். ஐஸ் முழுக்க கரண்ட்தான், கட்டியாக இருக்கிறதே தவிர. அதற்கு மானியம் உண்டா? சாயங்காலம் மிஞ்சின மீனை வறுத்துத் தெருவில் விற்கிறார். அதற்கு வீட்டு சிலிண்டரைத் தொட்டால் சட்டப்படி குற்றம், 19 கிலோ கமர்ஷியல்தான் எடுக்கணும். அது வீட்டு சிலிண்டரைப் போல இரண்டு மடங்கு விலை. ஒரு சட்டி மீன் வறுக்கிறவள் ஓட்டல் முதலாளி கணக்கில் வந்துவிடுகிறாள்.

அப்பா எண்ணெய் எரித்தால் தொழில். அம்மா எரித்தால் சமையல். இவ்வளவுதான் விஷயம். இட்லிக்கடை அம்மா விறகுக்குப் போவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். சரியா தங்கச்சி?

---

இட்லிக்கடை மகள் | 15 ஜூன் 2025, இரவு 9:55

சரிதான் அக்கா. எழுத யோசித்து விட்டுவிட்டேன். இட்லி, சாம்பார் இரண்டும் விறகில்தான். கேஸ் வீட்டுச் சமையலுக்கும் டீக்கும் மட்டும். விறகு என்றால் பெரிய விறகு இல்லை, பழப்பெட்டிச் சட்டம், உடைந்த கட்டில் கால், கட்டட வேலை நடக்கிற இடத்தில் கழிக்கிற சென்ட்ரிங் பலகை. பலகையில் ஆணி இருக்கும். அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்து இரும்புக்கடையில் எடைக்குப் போடுவார்.

கணக்கெடுக்க வந்தால் "கேஸ் இருக்கா? கரண்ட் இருக்கா?" என்பார்கள். இரண்டும் இருக்கிறது என்றுதான் சொல்வோம். பொய்யும் இல்லை.

கொருக்குப்பேட்டை அண்ணனுக்கு ஒன்று. அப்பா இருந்தபோதும் எங்களுக்கு ஒரே அறைதான், அதில் ஒரு மூலை சமையல். அரசாங்கம் 2011ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்த திட்டத்தில் எங்களுக்கும் டேபிள் ஃபேன் கிடைத்தது. அது அப்பா பக்கம்தான் பார்த்திருக்கும். தலையைத் திருப்புகிற பொத்தானை அழுத்திவிட்டால் போதும், எல்லாருக்கும் வரும். அழுத்த விடமாட்டார். இருட்டு ஒன்றுதான் அண்ணே, ஃபேன் ஒன்று இல்லை. சமையல் மூலையில் பிளக்கும் கிடையாது. மிக்சி போடணும் என்றால் டி.வி.யைப் பிடுங்கணும். எந்த நேரத்தில் மிக்சி போடலாம் என்பதை எந்த சீரியல், எந்த மேட்ச் என்பதுதான் முடிவு செய்யும்.

அம்மா எழுவது மூன்றரைக்கு. விளக்குப் போட்டால் கண் கூசுகிறது என்று சத்தம் வரும். அதனால் செல் டார்ச்சில் மாவு கரைப்பார். இப்போது அப்பா இல்லை. இன்னும் டார்ச்சில்தான் கரைக்கிறார். பழகிவிட்டது என்கிறார், நான் தூங்குகிறேனாம்.

---

எண்ணூர் கழிமுகம் | 16 ஜூன் 2025, காலை 7:40

அந்த டார்ச்சைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து வடக்கே பார்த்தால் என்ன இருக்கிறது தெரியுமா?

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓட ஆரம்பித்தது, 450 மெகாவாட், 2017ல் மூடினார்கள். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாவது 800. வல்லூரில் 1500. கூட்டிப் பாருங்கள். இந்த நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே எண்ணூரில் 2001ல் ஒரு துறைமுகத்தைத் திறந்தார்கள். ஊருக்கெல்லாம் கரண்ட் காய்ச்சுகிற அடுப்படி நாங்கள்தான். அடுப்படியில் இருக்கிறவளுக்கு என்ன மிஞ்சும்? சாம்பல்.

கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் உண்டு. படகு வேண்டாம், வலை வேண்டாம், பிடித்ததைப் பல்லில் கவ்விய ஓலைக் கூடையில் போடுவார்கள். சேற்றில் சாம்பல் படிந்த பிறகு கைக்கு இறால் தட்டுவது குறைந்துபோச்சு. கம்பெனி காண்ட்ராக்ட் வேலை வந்தபோது ஆண்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது. தடவிப் பிடிக்கிறவளுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? கேண்டீனில் பாத்திரம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. புகைபோக்கியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. என் பாட்டி (நாங்கள் ஆயா என்போம்) சொன்னார்: "அது ஏரோப்ளேனுக்குப் போடற வெளக்குடா, நமக்கில்ல."

---

கொருக்குப்பேட்டைக்காரன் | 16 ஜூன் 2025, காலை 10:02

உருக்கமாக இருக்கிறது. ஆனால் இழை எங்கோ போகிறது. அனல்மின் நிலையத்துக்கும் கேஸ் புக்குக்கும் என்ன சம்பந்தம்?

---

மட்டுறுத்துநர் | 16 ஜூன் 2025, காலை 10:20

சம்பந்தம் இருக்கிறது, ஓடட்டும். ஒருமையில் பேசுவதும் தெருப் பெயர், வீட்டு எண் போடுவதும் மட்டும் வேண்டாம். ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன்.

---

வார்டு சிஸ்டர் | 16 ஜூன் 2025, மாலை 5:33

ரொம்ப நாள் படித்துவிட்டுப் போகிறவள், இன்றுதான் எழுதுகிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் வேலை பார்த்தேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும்.

அப்போது வடசென்னையில் கேஸ் வைத்திருந்த வீடு குறைவு. விறகுத் தொட்டியில் எடை போட்டு விறகு வாங்குவோம். மரவாடிப் பக்கம் இருந்தவர்கள் ரம்பத்தூள் அடுப்பு வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றித் தூளைக் கெட்டியாக அடைப்பதற்கும் கைப்பழக்கம் வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் பாதியில் சரிந்துவிடும். கொஞ்சம் வசதி வந்தால் கிருஷ்ணாயில். ரேஷன் கடை வரிசையில் யார் நின்றது? நாங்களும் எங்கள் பெண் பிள்ளைகளும்தான். பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று போய்விடுவார்கள். கார்டில் கேஸ் முத்திரை விழுந்தால் எண்ணெய் குறையும் என்று கேஸ் வாங்கப் பயந்த வீடுகளும் உண்டு.

வார்டில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன்: "பம்ப் ஸ்டவ் வெடித்தது." வெடித்திருக்கும், நைலக்ஸ் புடவை பற்றியிருக்கும், நிஜமான விபத்துகள் நிறைய. ஆனால் வெடித்த ஸ்டவ்களில் பாதி எப்படி மருமகளிடம் மட்டும் வெடித்தது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். மாமியாரிடம் வெடித்து நான் பார்த்ததில்லை. 1983ல் புருஷன் வீட்டுக் கொடுமைக்கு 498 ஏ சட்டப்பிரிவு வந்தது, 1986ல் வரதட்சணை மரணத்துக்கு 304 பி வந்தது. சட்டம் வந்த பிறகும் அந்த ஒரு வரி மாறவில்லை. சொல்கிறவள் அப்படித்தான் சொல்வாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் நிற்பான்.

எண்ணெய் வாசனை பிடிக்காமல்தான் நான் முதல் சம்பள உயர்வில் கேஸ் எடுத்தேன், என் பேரில். ஏஜென்சியில் "சார் பேர்ல போடலாமே" என்றார்கள். சார் சம்பளத்தில் வாங்கவில்லை என்றேன்.

கொருக்குப்பேட்டை தம்பி, உங்கள் வீட்டு மிக்சி எங்கே இருக்கிறது?

---

புகைக்கணக்கு | 16 ஜூன் 2025, இரவு 11:48

சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம். பொது சுகாதாரம் படிக்கிறேன், அதனால் எண்களோடு வருகிறேன்.

2020ல் வீட்டுக்குள் எரிகிற அடுப்புப் புகையால் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் சுத்தமான எரிபொருளில் சமைக்கிற வீடுகள் 2015-16 குடும்பநலக் கணக்கெடுப்பில் 43.8 சதவீதம், 2019-21ல் 58.6. அதற்கு, ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கொடுக்க 2016ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஒரு முக்கியக் காரணம். அந்த இணைப்பு வயது வந்த பெண் பேரில்தான் கொடுக்கப்படும். இந்த இழையின் தலைப்புக்கு அதுதான் நேரடிப் பதில்: பேர் மாறினால் என்ன மாறும் என்று அரசாங்கமே யோசித்திருக்கிறது. ஆனால் சிலிண்டர் விலைக்கு அது முழுப் பதில் ஆகவில்லை. அதனால்தான் 2022 மே மாதம் உஜ்வலா வீடுகளுக்கு சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் தனியாகக் கொண்டுவந்து, 2023 அக்டோபரில் 300 ஆக்கினார்கள். முதல் சிலிண்டர் வருவது எளிது, இரண்டாவதுதான் கஷ்டம்.

இன்னொன்று, நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். ஹேப்பின் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நான்கு நாடுகள். இந்தியப் பகுதி தமிழ்நாட்டில்தான், விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும், போரூர் ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு நடத்தியது. மொத்தம் 3200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் இலவச கேஸும், மீதிப் பேர் வழக்கமான விறகு. அடுப்பு மாறியதும் அவர்கள் சுவாசித்த நுண்துகள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் குழந்தையின் பிறப்பு எடையில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. 2022ல் முடிவு வெளியானது.

இதை வைத்துக் கேஸால் பயனில்லை என்று சிலர் பேசுகிறார்கள், அது தவறு. வேறு மாதிரி பார்க்கிறேன். மூன்றில் ஒரு பங்கு என்பதே இன்னும் உலக சுகாதார நிறுவன அளவைவிட அதிகம். வெளிக்காற்று, பக்கத்து வீட்டு விறகு, குப்பை எரிப்பு எல்லாம் மூக்குக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். மணலியிலும் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கமும் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுப்பை மாற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தால் வெளியே எண்ணூர் அண்ணன் சொன்ன சாம்பல். கேஸ் புக்குக்கும் அனல்மின் நிலையத்துக்கும் சம்பந்தம் அதுதான்.

நேரக் கணக்கும் ஒன்று. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்கள் 97. அந்த 97லும் எத்தனை நிமிஷம் அடுப்புக்கு முன்னால் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

---

சிலிண்டர் தோள் | 17 ஜூன் 2025, மதியம் 3:10

எல்லாரும் பேசினீர்கள், வாசலில் நிற்கிறவன் பேசவில்லை. நான் சிலிண்டர் போடுகிறவன். உங்கள் ஏரியா இல்லை, பெரம்பூர் பக்கம்.

ஒரு சிலிண்டர் காலியாக 15 கிலோ, உள்ளே 14.2. முப்பது கிலோ, தோளில், மூன்றாவது மாடி. ஓ.டி.பி. இல்லாமல் இறக்கினால் எங்களைப் பிடிப்பார்கள். ஓ.டி.பி.க்காக நின்றால் அடுத்த பத்து வீடு லேட். அதனால்தான் வண்டி போய்விடுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லணும். பத்து வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கிறது பெண்கள், ஓ.டி.பி. வருகிறது வேலைக்குப் போன ஆம்பளை செல்லுக்கு. தினமும் பார்க்கிறேன். "இருப்பா, அவருக்குப் போன் பண்றேன்" என்பதை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறேன்.

தங்கச்சிக்கு வழி சொல்கிறேன். உங்க அப்பா ஒத்துக்கொண்டால் சுலபம். அவர் ஏஜென்சிக்கு வந்து கையெழுத்துப் போட்டு உங்கம்மா பேருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஒரே குடும்பத்துக்குள் மாற்றம்தான், உங்கம்மா ஆதாரும் ரேஷன் கார்டும் வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதலில் ரேஷன் கார்டைப் பாருங்கள். அவர் பேர் இன்னும் உங்கள் கார்டில் இருக்கிறதா? இருந்தால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது என்றுதான் காட்டும், அம்மா பேரில் புதிதாக வராது. அவர் பேரை நீக்கி அம்மாவைக் குடும்பத் தலைவி ஆக்குங்கள். அதற்குப் பிறகு உஜ்வலாவிலோ சாதாரணமாகவோ கேட்கலாம்.

அதுவரைக்கும் அவசரத்துக்கு ஐந்து கிலோ 'சோட்டு' இருக்கிறது. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். கிலோ கணக்குப் பார்த்தால் விலை அதிகம். கடையில் கிலோ கேஸ் அடைத்துக் கொடுக்கிறார்களே, அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வால்வு எப்போது கக்கும் என்று சொல்ல முடியாது.

---

மீட்டர் மாமா | 17 ஜூன் 2025, மாலை 6:30

ரேஷன் கார்டு பேச்சு வந்ததால் ஞாபகம் வருகிறது. மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய், 2023 செப்டம்பர் 15ல் தொடங்கினார்களே, அதற்கு ஒரு நிபந்தனை: வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள் இருக்கணும். அதாவது இரண்டு மாதத்துக்கு 600. ஏழையா இல்லையா என்று பார்க்க மீட்டரைப் பார்ப்பது கெட்ட யோசனை இல்லை. ஏ.சி. ஓடுகிற வீட்டை அது கண்டுபிடித்துவிடும். ஆனால் நான்கு குடித்தனம் ஒரே மீட்டரில் உள்ள வீட்டில் அந்த நம்பர் யாருடையது? மாதம் நாற்பது யூனிட் எரிக்கிறவளும் ஓனர் மீட்டர் எண்ணைத்தானே எழுதிக் கொடுக்க முடியும். மகளே, அம்மாவுக்கு அது வருகிறதா?

---

இட்லிக்கடை மகள் | 17 ஜூன் 2025, இரவு 10:12

வருகிறது மாமா. முதல் தடவை வரவில்லை. காரணம் மீட்டரா என்று எனக்குத் தெரியாது, மேல்முறையீடு போட்டுக் கிடைத்தது. அந்த ஆயிரத்தில்தான் சிலிண்டர் எடுக்கிறோம், மிச்சம் டெலிவரி காசுக்கும் தீப்பெட்டிக்கும். அம்மா அதை "என் காசு" என்பார். இட்லி விற்ற காசை "வீட்டுக் காசு" என்பார். எனக்கு இது இன்றைக்கு எழுதும்போதுதான் உறைக்கிறது.

கார்டைப் பார்த்தேன். அப்பா பேர் இருக்கிறது.

---

கொருக்குப்பேட்டைக்காரன் | 18 ஜூன் 2025, காலை 8:05

சிஸ்டர் அம்மா கேட்டதற்கு: எண்ணிப் பார்த்தேன். ஹாலில் ஆறு பிளக், பெட்ரூமில் நான்கு. சமையலறையில் ஒன்று, அதில் தண்ணீர் மெஷின் நிரந்தரமாக மாட்டியிருக்கிறது. மிக்சியை என் மனைவி ஹாலில் தரையில் வைத்து அரைக்கிறாள். பதினோரு வருஷமாக அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். வீட்டு வயரிங்குக்கு எலக்ட்ரீஷியனோடு நின்று பாயிண்ட் குறித்துக் கொடுத்தது நான்தான்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். வாடகை வீட்டில் இருந்தால் எனக்கும் அந்தப் பத்து ரூபாய்தான். காசுதான் முதல்.

---

காசிமேடு மீன்கூடை | 18 ஜூன் 2025, காலை 8:31

காசுதான் முதல், யார் இல்லை என்றது. அந்தக் காசு வீட்டுக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் திரும்புகிறது, அதைத்தான் கேட்கிறோம். ஃபேன் மாதிரி. பிளக் போடப்போறீங்களா இல்லையா அண்ணே?

---

கொருக்குப்பேட்டைக்காரன் | 18 ஜூன் 2025, காலை 8:34

ஞாயிற்றுக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். விடுங்க.

---

இட்லிக்கடை மகள் | 23 ஜூலை 2025, இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். தாமதமாக வருகிறேன்.

கேஸுக்காக ரேஷன் கார்டில் பேரை முதலில் நீக்கத் தேவை வரவில்லை. நீக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன், அவ்வளவுதான். புதுக் குடும்பத்துக் கார்டில் சேர அவருக்கும் இங்கே நீக்கினால்தான் வசதியாம், அதை இத்தனை நாள் எங்களிடம் கேட்க அவருக்குக் கூச்சம். நம்பருக்கு எங்களை அலையவிட்ட மனுஷனுக்குக் கூச்சம்! சரி. கேஸை மாற்றிக் கொடு, கார்டில் பேரை நீக்கித் தருகிறோம் என்று அம்மாவே போனில் பேசினார். மூன்று வருஷத்தில் முதல் பேச்சு. ஒன்றரை நிமிஷம்.

ஏஜென்சிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மெஷினில் விரல் வைத்தார்கள். அம்மா விரல் மூன்று தடவை விழவில்லை, ரேகை தேய்ந்திருக்கிறது. நாலாவது தடவை விரலைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்தபோது விழுந்தது.

கரண்ட் அதே பத்து ரூபாய்தான். ஓனரிடம் இன்னும் பேசவில்லை. விறகும் அப்படியேதான், கமர்ஷியலுக்கு வழி இல்லை.

இன்று காலை சிலிண்டர் வந்தது. நான் கடையில் இருந்தேன், போன் வரவில்லை. சாயங்காலம்தான் தெரியும். அம்மா செல்லில் மெசேஜ் இங்கிலீஷில் வந்திருக்கிறது. எழுத்து தெரியாது, எண் தெரியும். ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். சிலிண்டர் போடுகிறவர் மாடிக்குத் தூக்கி வைத்துவிட்டு அறுபது ரூபாய் கேட்டாராம். அம்மா நாற்பது கொடுத்தாராம், நாலு இட்லியும்.